பெட்ரோல் பிரஷர் குறைந்தால்: ரெகுலேட்டர் மட்டுமா, மோட்டாரா, முழு அசெம்பிளியா?

காலையில் செல்ஃப் ஏழெட்டு விநாடி அடித்தால்தான் வண்டி பிடிக்கிறது. ஏ.சி. போட்டு நான்கு பேருடன் அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ஏறினால் இழுவை இல்லை. பட்டறையில் கேட்டால், “ரெகுலேட்டர் மட்டும் போட்டா போதும் சார்” என்கிறார் ஒருவர். அடுத்த தெருவில், “பம்பு போயிடுச்சுண்ணே, அசெம்பிளியே மாத்திடுங்க” என்று பதில். மூன்றாமவர் சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழசு வரவழைத்துத் தருவதாகச் சொல்கிறார். ரெகுலேட்டர் என்பது பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் வால்வு; அசெம்பிளி என்பது டேங்குக்குள் இருக்கும் பம்ப் தொகுப்பு முழுவதும். மூன்று பேர் சொல்வதும் ஏதோ ஒரு வண்டிக்குச் சரியாகத்தான் இருக்கும். உங்கள் வண்டிக்கு எது சரி என்பதைக் கேஜ் (அழுத்தமானி) மாட்டாமல் யாராலும் சொல்ல முடியாது.

இங்கே பேசுவது சாதாரண எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) பெட்ரோல் கார்களைப் பற்றி மட்டும். நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிகளிலும் காமன் ரயில் டீசல் வண்டிகளிலும் அழுத்தம் நூற்றுக்கணக்கான பாருக்குப் (பார் என்பது அழுத்த அலகு) போகும். அந்தக் குழாயின் நட்டை லேசாகத் தளர்த்தினாலே பீய்ச்சும் எரிபொருள் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அவற்றை ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்தில் மட்டும் விடுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

ஒன்று: ரெகுலேட்டர் எங்கே இருக்கிறது? செலவில் பாதியைத் தீர்மானிப்பது இதுதான்.

இன்ஜெக்டர் ஒரு சின்ன வால்வு. அதை எத்தனை மில்லி விநாடி திறந்து வைப்பது என்று மட்டும்தான் இ.சி.யூ. (என்ஜினின் கணினி) கணக்குப் போடுகிறது. அந்த நேரத்துக்குள் எவ்வளவு பெட்ரோல் இறங்கும் என்பது இன்ஜெக்டரின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைப் பொறுத்தது, அதுவும் வர்க்கமூலக் கணக்கில். 3 பாருக்குப் பதில் 2.4 பார் இருந்தால் அழுத்தம் 20 சதவீதம் குறைவு. இறங்கும் பெட்ரோல் குறைவது சுமார் 10.5 சதவீதம்தான். அதை ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இ.சி.யூ. சமாளித்துவிடும். பிரஷர் குறைந்த வண்டி மாதக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கும்போது அந்தச் சென்சார் திருத்தம் வேலை செய்யாது. வண்டி அங்கே மாட்டிக்கொள்ளும்.

இந்த வித்தியாசத்தை நிலையாக வைத்திருக்கப் பழைய வண்டிகளில் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரயில் என்ற குழாயின் நுனியிலேயே ரெகுலேட்டர் உட்கார்ந்திருக்கும். சிறு தகர டப்பி. அதன் தலையில் ஒரு வேக்குவம் ஹோஸ். உள்ளே ஒரு டயாஃப்ரம். ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் ஸ்பிரிங். பெட்ரோல் ஸ்பிரிங்கைத் தள்ளினால் வால்வு திறந்து, மிச்சம் ரிட்டர்ன் குழாய் வழியே டேங்குக்குத் திரும்பும். ஐடிலில் இன்டேக் மேனிஃபோல்டில் (என்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தம் வெளிக்காற்றைவிட சுமார் 0.6 பார் குறைவாக இருக்கும். அந்த உறிஞ்சல் டயாஃப்ரத்தையும் இழுப்பதால் ரயில் அழுத்தமும் அதே அளவு இறங்கும். கேஜில் 2.4 காட்டும், ஹோஸைக் கழற்றினால் 3.0-க்கு ஏறும். இந்த ஏற்றம் தெரிந்தாலே ரெகுலேட்டர் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

பின்னால் வந்த வண்டிகளில் ரிட்டர்ன் குழாயே இல்லை. ரெகுலேட்டர் டேங்குக்குள், பம்ப் அசெம்பிளியின் உடலில் செருகியிருக்கும். பெரும்பாலும் 3.5 முதல் 4 பார் வரை ஒரே அளவில் வைத்திருக்கும்; மேனிஃபோல்டு அழுத்தம் மாறுவதை மேப் சென்சார் மூலம் இ.சி.யூ. கணக்கில் சரிக்கட்டும். அதனால் இங்கே ஹோஸைக் கழற்றிப் பார்க்கும் வித்தைக்கு இடமில்லை.

பானெட்டைத் திறந்து ரயிலைப் பாருங்கள். இரண்டு பெட்ரோல் குழாயும் ஒரு டப்பியும் இருந்தால் ரிட்டர்ன் வகை. ஒரே குழாய், டப்பி இல்லை என்றால் ரிட்டர்ன் இல்லாத வகை. நடுவாந்திரமாக ஒன்றும் உண்டு: சில ஜெர்மன் வண்டிகளில் டேங்குக்கு அருகிலுள்ள ஃபில்டருக்குள்ளேயே ரெகுலேட்டர் இருக்கும், மூன்று குழாயோடு.

இரண்டு: கேஜின் முள் என்ன சொல்கிறது? கீழே தனியாக வருகிறது.

மூன்று: டேங்கைத் திறக்கும் கூலி. சில வண்டிகளில் பின் சீட்டைத் தூக்கினால் மூடி இருக்கும். முக்கால் மணி நேர வேலை. சிலவற்றில் டேங்கையே கீழே இறக்க வேண்டும். கடற்கரைக் காற்றில் தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கம் பத்து வருடம் நின்ற வண்டி என்றால் டேங்க் பட்டையின் போல்ட்டும் பம்பின் பூட்டு வளையமும் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். அரை நாள் அதிலேயே போகும். இந்தக் கூலியை ஒரே வருடத்தில் இரண்டு முறை கொடுப்பீர்களா என்பதுதான் பல நேரம் முழு அசெம்பிளியா, பாகம் மட்டுமா என்பதை முடிவு செய்கிறது.

நான்கு: எத்தனால். பங்கில் இப்போது கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டிக்குப் பாகம் வாங்கும்போது ஓ-ரிங், ஹோஸ் எந்த ரப்பர் என்று கேட்டே ஆக வேண்டும்.

இன்னொரு குழப்பமும் இதில் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இ10-க்கு அது சுமார் 14.1, இ20-க்கு 13.5 அருகே. அதாவது இ10-லிருந்து இ20-க்கு மாறினாலே அதே காற்றுக்கு நான்கைந்து சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கும். ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம் (இ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) அவ்வளவு ஏறியிருப்பதைப் பார்த்து, “பிரஷர் கம்மி” என்று சொல்லிவிடுகிறார்கள். டிரிம் கூட்டல் 5-ல் நின்றால் அசெம்பிளி வாங்க ஓடாதீர்கள். 10-ஐத் தாண்டி, பி0171 கோடும் (பெட்ரோல் போதவில்லை என்பது) வந்தால் கேஜ் மாட்டலாம்.

ஐந்து: வண்டியை இன்னும் எத்தனை காலம் வைத்திருக்கப் போகிறீர்கள்? அடுத்த ஆண்டு விற்கும் வண்டிக்கும் பிள்ளை கல்லூரி முடிக்கும்வரை ஓட வேண்டிய வண்டிக்கும் பதில் ஒன்றல்ல.

## கேஜ் மாட்டுவதற்கு முன்னும் பின்னும்

கருவி இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். பின்னால் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும். ஆஃப் செய்து, மறுபடி ஆன். இப்படி மூன்று முறை செய்தபின் செல்ஃப் அடியுங்கள். உடனே பிடித்தால், வண்டி நிற்கும்போது பிரஷர் எங்கோ வடிகிறது என்று பொருள். அப்படியும் பிடிக்காவிட்டால் கோளாறு வேறிடத்தில் இருக்கலாம்.

கேஜுக்கு முன் இன்னொன்று: பம்ப் கனெக்டரில், பம்ப் ஓடும்போது வோல்டேஜ். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிங்கிலோ ரிலேயிலோ எர்த்திலோ குறை. நம் ஊர் உப்புக் காற்றில் எர்த் போல்ட் பச்சை பூத்து நிற்பது சகஜம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் தீர்ந்துபோகும் கோளாறுக்குப் பலர் மோட்டார் வாங்கியிருக்கிறார்கள்.

கேஜ் மாட்டும் முறை: பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு என்ஜினை ஓட விடுங்கள், தானாக நின்றபின் இரண்டு விநாடி செல்ஃப் அடித்தால் ரயிலில் அழுத்தம் இறங்கிவிடும். பேட்டரியின் மைனஸைக் கழற்றி, இணைப்பைத் துணி சுற்றித் திறந்து, டி வடிவ இணைப்பியோடு கேஜைப் பொருத்துங்கள். பிறகு ஃபியூஸும் மைனஸும் பழையபடி. திறந்த வெளியில், பக்கத்தில் வெல்டிங் நடக்காத இடத்தில், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கச் செய்ய வேண்டிய வேலை இது.

ஐடிலில் ஒரு அளவு, 3,000 சுழற்சியில் ஒன்று, கேஜை வைப்பரில் கட்டிக்கொண்டு மூன்றாம் கியரில் மிதித்து ஓட்டும்போது ஒன்று, நிறுத்தியபின் பத்து நிமிடம் கழித்து ஒன்று. நான்கையும் எழுதி வையுங்கள். சரியான எண் எது என்பது உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். பக்கத்து வண்டியின் எண்ணை இதற்கு வைக்கக் கூடாது.

| முள் காட்டுவது | பெரும்பாலும் காரணம் |
|---|---|
| ஐடிலிலும் லோடிலும் ஒரே மாதிரி குறைவு | ரெகுலேட்டர், அதன் ஓ-ரிங், டேங்குக்குள் வெடித்த ஹோஸ் |
| ஐடிலில் சரி, மிதித்தால் சரிகிறது | தேய்ந்த மோட்டார், அடைத்த வலை (பம்பின் அடியில் இருப்பது) அல்லது ஃபில்டர், வோல்டேஜ் |
| எப்போதும் அதிகம், புகை கறுப்பு | திறக்காத ரெகுலேட்டர், நசுங்கிய ரிட்டர்ன் குழாய் |
| ஓட்டத்தில் சரி, நிறுத்தியதும் விழுகிறது | பம்ப் செக் வால்வு (பெட்ரோல் பின்னால் திரும்பாமல் தடுப்பது), ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர் |
| முள் துடிக்கிறது | பெட்ரோல் குறைவு, வலை அடைப்பு, மோட்டார் பிரஷ் |

முதல் இரண்டு வரிகளின் வேறுபாட்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலும் போதும். ஐடிலில் என்ஜின் குடிப்பது கொஞ்சம். பம்ப் தள்ளுவதில் பெரும்பகுதி ரெகுலேட்டர் வழியே திரும்பிவிடும். மோட்டார் பாதி தேய்ந்திருந்தாலும் அப்போது முள் சரியாகவே நிற்கும். மேம்பாலத்தில் என்ஜின் முழுவதையும் கேட்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். ஐடிலில் மட்டும் கேஜைப் பார்த்துவிட்டு, “பம்ப் ஓ.கே.” என்று சொல்லும் பட்டறையை நம்பாதீர்கள்.

ரிட்டர்ன் வகையில் ஐயம் தீர இன்னொரு வழி: ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை ஒரே ஒரு விநாடி நசுக்கிப் பிடியுங்கள். முள் விருட்டென்று 5 பாரை நோக்கி ஏறினால் மோட்டார் திடம், ரெகுலேட்டர்தான் கசிகிறது. பிளாஸ்டிக் குழாயில் இதைச் செய்யக் கூடாது, விரிசல் விட்டுவிடும்.

ரிட்டர்ன் இல்லாத வகையில் கரண்டைப் பார்க்க வேண்டும். சிறு கார்களின் பம்ப் பொதுவாக 4 முதல் 7 ஆம்பியர் வரை இழுக்கும். பிரஷர் குறைவாகவும் கரண்ட் அதிகமாகவும் இருந்தால் மோட்டார் எதையோ எதிர்த்துத் திணறுகிறது: ஃபில்டர் அடைப்பு, அல்லது மோட்டாரே இறுகிவிட்டது. இரண்டுமே குறைவு, வோல்டேஜ் மட்டும் சரி என்றால் பெட்ரோல் உள்ளேயே கசிகிறது, அல்லது பம்ப் சக்கரம் தேய்ந்திருக்கிறது.

## ரெகுலேட்டர் மட்டும் மாற்றுவது

ரிட்டர்ன் வகை வண்டிக்கு இதைப்போல மலிவான, சுத்தமான வேலை வேறில்லை. இரண்டு போல்ட், ஒரு ஹோஸ், அரை மணி நேரம். டேங்கைத் தொடவே வேண்டாம். வேக்குவம் ஹோஸைக் கழற்றி நுனியை மோந்து பாருங்கள்; உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. வேறு எந்தச் சோதனையும் தேவையில்லை, அன்றைக்கே மாற்றுங்கள். அந்தக் கிழிசல் வழியே என்ஜினுக்குக் கணக்கில் வராத பெட்ரோல் போய்க்கொண்டிருக்கும். மைலேஜ் விழும், பிளக் கறுக்கும், நாளடைவில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் போகும். அதன் விலைக்கு முன் ரெகுலேட்டர் காசு ஒன்றுமில்லை.

வேக்குவம் ஹோஸ் மட்டும் விரிசல் விட்டோ உடைந்தோ இருந்தால் ரெகுலேட்டர்கூட வேண்டாம். ஐடிலில் 2.4-க்குப் பதில் 3.0 நின்று வண்டி அதிகம் குடிக்கும். ஒரு சாண் ஹோஸில் தீரும்.

ரிட்டர்ன் இல்லாத வகையில் கதை வேறு. அங்கே ரெகுலேட்டர் விலை குறைவு, அதை எடுக்கும் கூலி அதிகம். ஆனாலும் பல நேரம் போயிருப்பது ரெகுலேட்டரே அல்ல, அதைச் சுற்றியிருக்கும் ஓ-ரிங். வெளியே எடுத்த பழைய ஓ-ரிங்கை விரலில் உருட்டிப் பாருங்கள். உருண்டையாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் தட்டையாகி, குறுக்கு வெட்டில் அரை வட்டம் போல இருந்தால், அழுத்தம் அந்தத் தட்டைப் பக்கமாகத்தான் வடிந்திருக்கிறது. பொதுவாக மேலே ஒன்று, கீழே ஒன்று, அளவு வேறு. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டு, “புது ரெகுலேட்டரும் வேலை செய்யல” என்று சொல்லும் பட்டறைகள் உண்டு.

ஓ-ரிங் வைட்டான் (எத்தனாலைத் தாங்கும் ரப்பர்) ரகம் கேட்டு வாங்குங்கள். சாதாரண கறுப்பு நைட்ரைல் எத்தனாலில் ஊறி உப்பிவிடலாம். நிறத்தை வைத்து நம்பாதீர்கள். வைட்டான் கறுப்பிலும் வரும். செருகும்போது கிரீஸ் தடவக் கூடாது, இரண்டு சொட்டு என்ஜின் ஆயில் போதும்.

மறைந்திருக்கும் ஆபத்து அழுத்த எண். ஃபில்டருக்குள் ரெகுலேட்டர் உள்ள வகையில் 3 பார் ஒன்றும் 4 பார் ஒன்றும் வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரி இருக்கும். 3-க்குப் பதில் 4 மாட்டினால் பெட்ரோல் சுமார் 15 சதவீதம் கூடுதலாக இறங்கும். வண்டி ஓடும், நன்றாக இழுப்பது போலக்கூடத் தோன்றும், பெட்ரோல் அதிகம் என்னும் பி0172 கோடு வரும்வரை. பாகத்தின் உடலில் பொறித்திருக்கும் எண்ணைப் பழையதோடு ஒத்துப் பாருங்கள்.

எப்போது இதுவே சரி: ரிட்டர்ன் வகையில் ரெகுலேட்டர் கோளாறு உறுதியானால் எப்போதும். ரிட்டர்ன் இல்லாத வகையில், சீட்டுக்குக் கீழ் மூடி இருந்து, மோட்டார் கரண்ட் நன்றாக இருந்தால். டேங்கை இறக்கித்தான் எடுக்க வேண்டும், வண்டிக்கும் பத்து வயது தாண்டிவிட்டது என்றால், இதை மட்டும் மாற்றுவது காசைப் பாதியாக மிச்சம் பிடித்துக் கூலியை இரட்டிப்பாகக் கொடுப்பது.

## மோட்டார் மட்டும் மாற்றுவது

நம் பட்டறைகளில் அதிகம் நடப்பது இதுதான். அசெம்பிளி விலையில் ஒரு பங்குதான் மோட்டார். மிதவை, ரெகுலேட்டர், மேல் தட்டு எல்லாம் பழையது. கவனமாகச் செய்தால் நல்ல வழி. கெடுவது எல்லாம் சின்னச் சின்ன இடத்தில்.

முதலாவது ஹோஸ். மோட்டாரையும் மேல் தட்டையும் இணைக்கும் துண்டு ஹோஸ் பெட்ரோலுக்குள்ளேயே மூழ்கிக் கிடப்பது. பானெட்டுக்குள் போடும் பெட்ரோல் ஹோஸ் உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும். வெளித்தோல் மூழ்கினால் சில மாதத்தில் உப்பி வெடிக்கும். அப்போது புது மோட்டார், புது ரெகுலேட்டர், ஆனால் பிரஷர் இல்லை. மூழ்கும் இடத்துக்கென்றே எஸ்.ஏ.இ. 30ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ் வருகிறது. விலை கேட்டால் ஒரு கணம் யோசிப்பீர்கள். ஒரு அங்குலம், இரண்டு அங்குலம்தானே, வாங்கிவிடுங்கள். கிளாம்ப்பும் திருகு வைத்த பட்டை கிளாம்ப் வேண்டாம், சுற்றிலும் ஒரே சீராக இறுக்கும் இன்ஜெக்‌ஷன் கிளாம்ப்.

இரண்டாவது வயர். பிளஸ் மைனஸ் மாறினால் மோட்டார் பின்பக்கமாகச் சுற்றும். சத்தம் கேட்கும், பிரஷர் வராது. வயரை முறுக்கி டேப் ஒட்டுவதும் டேங்குக்குள் செல்லாது. பெட்ரோலில் டேப்பின் பசை கரைந்து வலையை அடைக்கும்.

மூன்றாவது, பெரிய மோட்டார். “அதே ரேட்ல பெருசு போட்டுடலாம் சார், பிக்கப் வரும்.” வராது. ரெகுலேட்டர் வால்வுக்கு இவ்வளவுதான் திருப்பி அனுப்ப முடியும் என்று ஓர் எல்லை இருக்கிறது. அதற்கு மேல் தள்ளினால் ஐடிலில் பிரஷர் ஏறி நிற்கும். உங்கள் மோட்டாரின் கொள்ளளவே போதும்.

அடியில் இருக்கும் வலையை ஒவ்வொரு முறையும் புதிதாகவே போடுங்கள். கழுவிப் போடுவது மிச்சமல்ல. கண்ணுக்குத் தெரியாத துகள் இழைக்குள் தங்கியிருக்கும், புது மோட்டாரை அதுவே தின்னும். டேங்கின் அடியில் சேறோ துருவோ இருந்தால் அதையும் துடைத்தெடுக்க வேண்டும். இந்த வேலைக்குத் தனிக்கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.

எப்போது இதுவே சரி: லோடில் மட்டும் முள் சரிகிறது, நிறுத்தியபின் பிரஷர் பிடித்து நிற்கிறது, அசெம்பிளியின் பிளாஸ்டிக் உடல் விரிசல் இல்லாமல் இருக்கிறது, கையில் நிதானமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். இந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியம்.

சி.என்.ஜி. கிட் போட்ட வண்டிக்காரர்கள் பெரும்பாலும் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். பெட்ரோலை எப்போதும் ரிசர்வில் விட்டு ஓட்டுவார்கள். பம்ப் மோட்டாரைக் குளிர வைப்பதும் அதற்கு எண்ணெய்ப் பசை தருவதும் பெட்ரோல்தான். சில கிட்டுகளில் கேஸில் ஓடும்போதும் பெட்ரோல் பம்ப் நிற்காது. கால் டேங்காவது வைத்திருங்கள்.

## புது அசெம்பிளி

மோட்டார், ரெகுலேட்டர், வலை, மிதவை எல்லாம் ஒரே பொட்டியில். கம்பெனி பாகம் என்றால் எண் பொருந்தும், ரப்பர் பொருந்தும், அழுத்தம் பொருந்தும். ஒரே முறை திறப்பு. இந்த நான்கு வழிகளில் காசு அதிகம் கேட்பதும் தலைவலி குறைவாகத் தருவதும் இதுவே.

ஆனால் பெட்டியில் எல்லாம் வருவதில்லை. மேல் தட்டுக்கும் டேங்குக்கும் நடுவே வரும் பெரிய ரப்பர் சீலைப் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். கழற்றிய பழைய சீல் அரை மணி நேரத்தில் உப்பிப் பெரிதாகி, மறுபடி பள்ளத்தில் உட்காராது. அமுக்கித் திணித்துப் பூட்டு வளையத்தை இறுக்கினால் ஓரிடத்தில் மடிந்துவிடும். துருப்பிடித்த வளையத்தையும் சேர்த்து விலை கேளுங்கள். மிதவைக் கம்பியை உள்ளே விடும்போது வளைத்துவிட்டால் டேங்க் மீட்டர் பொய் சொல்லும். அரை டேங்க் காட்டிக்கொண்டே நெடுஞ்சாலையில் நிற்பீர்கள்.

லோக்கல் அசெம்பிளி பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்றால், அதில் எந்த ரெகுலேட்டர் என்று கேளுங்கள். கடைக்காரருக்கே தெரியாவிட்டால் வேண்டாம். அந்தப் பணத்துக்கு நல்ல மோட்டார், வைட்டான் ஓ-ரிங், வலை மூன்றும் வாங்கிப் பழைய உடலிலேயே போடுவது மேல்.

எப்போது இதுவே சரி: டேங்கை இறக்க வேண்டிய வண்டி, ஐந்தாறு வருடம் வைத்திருக்கும் எண்ணம், அல்லது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை கடலூரில் கரைபுரண்டபோதும் தண்ணீரில் நின்ற கார்களில், டேங்கின் காற்றுப்போக்கி வழியே நீர் இறங்கியிருக்க வாய்ப்புண்டு. எத்தனால் தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அப்படி ஊறிய பாகத்தில் எதை விட்டு எதை மாற்றுவது?

## பழைய சாமான் கடை அசெம்பிளி

விபத்தில் உடைந்த புது வண்டியிலிருந்து கழற்றியதாக இருந்தால் இதைவிட லாபம் வேறில்லை. வெள்ளத்தில் முழுகிய வண்டியிலிருந்து கழற்றியதாக இருந்தால் இதைவிட நஷ்டம் வேறில்லை. கடையில் இரண்டும் ஒரே விலை.

பார்க்க வேண்டியது மூன்று இடம். கனெக்டர் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா? மேல் தட்டின் மடிப்புகளில் வண்டல் கோடு இருக்கிறதா? வலை வெளுப்பாக இருக்கிறதா, செங்கல் நிறமா? ஒன்றில் சந்தேகம் வந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். கடையில் பேட்டரி வைத்து, “பாருங்க, ஓடுது” என்று காட்டுவதில் ஒன்றும் தெரியாது. காலியாகச் சுற்றும் மோட்டாருக்கு அழுத்தம் என்ற சோதனையே இல்லை. பெட்ரோல் ஆவி தங்கிய பம்பில் பொறி பட்டால் கடையோடு போகும்.

ஓ-ரிங், சீல், வலை எப்படியும் புதிதாகத்தான் போட வேண்டும். அதையும் கூலியையும் கூட்டிப் பாருங்கள். புது மோட்டார் போடும் செலவுக்கும் இதற்கும் இடைவெளி சுருங்கிவிடும்.

எப்போது இதுவே சரி: உற்பத்தி நின்றுபோன மாடல், புது அசெம்பிளி வருவதே இல்லை. அல்லது சில மாதத்தில் கைமாற்றும் வண்டி, சீட்டுக்குக் கீழ் மூடி உள்ளது. மற்ற நேரங்களில் எங்கள் ஓட்டு இதற்கு இல்லை.

திருகி அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளும் ரெகுலேட்டர் ஒன்று ஆன்லைனில் பளபளவென்று விற்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது டர்போ ஏற்றி, இ.சி.யூ.வின் கணக்கு அட்டவணையை (மேப்) மாற்றிய வண்டிகளுக்கான சாமான். சாதாரண வண்டியில் நீங்கள் கூட்டியதை இ.சி.யூ. டிரிம்மில் கழித்துவிடும்.

## வேலை நடக்கும் நாளில்

புதுச்சேரிப் பக்கம் விலை குறைவு என்று முள்ளோடை தாண்டி டேங்கை நிரப்பிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போவது கடலூர் வண்டிகளின் வழக்கம். இந்த வேலைக்கு மட்டும் அது ஆகாது. நிரம்பிய டேங்கின் மூடியைத் திறந்தால் பெட்ரோல் விளிம்பில் நிற்கும், சீட்டுக்குக் கீழ் வழியும். இறக்குவதானால் நாற்பது லிட்டர் பெட்ரோலையும் சேர்த்து இறக்க வேண்டும். கால் டேங்குக்குக் கீழ் வரும்போது போங்கள்.

மூடியைத் திறக்கும் முன் மேல் தட்டைச் சுற்றிய மண்ணை ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அந்த மண் உள்ளே விழுந்தால் புது வலைக்குத்தான் போகும். பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டியபின் அதே நான்கு அளவுகளையும் மறுபடி எடுத்து, முன்பு எழுதியதன் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். டிரிம் கணக்கை ஸ்கேனரில் அழித்துவிட்டு, நூறு கிலோமீட்டர் ஓடியபின் பார்த்தால் புது எண் நிலைத்திருக்கும்.

சீல் சரியாக உட்கார்ந்ததா என்பது கால் டேங்கில் தெரியாது. அடுத்த முறை முள்ளோடையில் ஃபுல் டேங்க் அடித்த அன்று, கண்ணாடிகளை ஏற்றி ஒரு மணி நேரம் வெயிலில் விட்டு, பின் சீட்டைத் தூக்கி மோந்து பாருங்கள்.